ஒரே சில்லிலா, இரண்டு சில்லிலா? ரோஜர் ஹௌவின் ஆய்வைப் படிக்கையில் எழுந்த ஐயம்

எம்டெக்_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நுண்மின்னியந்திரவியல் (MEMS) பாடத்தின் கருத்தரங்குக்காகப் பேராசிரியர் ரோஜர் ஹௌ அவர்களின் ஆய்வுப் பாதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1984இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்று, கார்னகி மெலனிலும் எம்.ஐ.டி.யிலும் சிறிது காலம் பணியாற்றி, 1987இல் பெர்க்லிக்கே திரும்பி, 2005 முதல் ஸ்டான்ஃபோர்டில் இருந்தவர் என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டேன். அவருடைய கட்டுரைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: அசையும் சிலிக்கான் உறுப்பையும் அதன் அசைவைப் படிக்கும் மின்சுற்றையும் ஒரே சில்லில் (சிப்பில்) எப்படிச் சேர்த்துச் செய்வது? முனைவர் பட்ட ஆய்வும் அதுதான். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிந்தைய சிலிக்கான்-ஜெர்மானியம் ஆய்வும் அதுதான்.

ஆனால் இன்று நம் கைப்பேசியில் இருக்கும் முடுக்கமானியை, அதாவது வேகம் மாறும் வீதத்தை அளக்கும் உணரியை, திறந்து பார்த்தால், பெரும்பாலும் உணரிக்கு ஒரு சில்லும் சுற்றுக்கு இன்னொரு சில்லுமாக, ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கத்திலோ வைத்துக் கம்பியால் இணைத்திருக்கிறார்கள். அப்படியானால் இந்த ஆய்வுப் பாதை தோற்றுவிட்டது என்று சொல்லலாமா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; ஆனால் கருத்தரங்கில் யாராவது இதைக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதிலும் இல்லை.

பழைய_வாத்தியார்:

நல்ல கேள்வி அம்மா. பதில் சொல்வதற்கு முன்னால் அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

அசையும் உறுப்பையும் டிரான்சிஸ்டரையும் சேர்க்கும் எண்ணம் ஹௌவுக்கு முந்தியது. வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் நேதன்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1960களிலேயே ஒரு டிரான்சிஸ்டரின் வாயிலுக்கு (கேட்) மேலே தங்கத்தாலான ஒரு சிறு நாணலைத் தொங்கவிட்டு, அது அதிரும் அதிர்வெண்ணில் மட்டும் சுற்று வேலை செய்யுமாறு அமைத்திருந்தார்கள். அதைப் பற்றிய முழுக் கட்டுரை 1967இல் வந்தது. எண்ணம் அழகானது. பொருள்தான் சரிவரவில்லை, தங்கம் ஒரு நல்ல சுருள்வில் அன்று, நாளடைவில் களைத்துத் தொய்ந்துவிடும்.

பேராசிரியர் ரிச்சர்டு முல்லரிடம் ஆய்வு மாணவராக இருந்த ஹௌ செய்தது இதுதான்: டிரான்சிஸ்டரின் வாயிலுக்காக எல்லா உற்பத்திக்கூடங்களிலும் அன்றாடம் படியவைக்கும் பாலிசிலிக்கானையே, அதாவது பல சிறு படிகங்களாலான சிலிக்கானையே, இயந்திர உறுப்பாக்கினார். கீழே ஒரு ஆக்சைடு அடுக்கு, அதன்மேல் பாலிசிலிக்கான் அடுக்கு. வேண்டிய வடிவில் வெட்டியபின் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஆக்சைடைக் கரைத்துவிட்டால், மேலே இருப்பது பாலம் போல அந்தரத்தில் நிற்கும். வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடும்போது சாரம் கட்டிப் பிறகு பிரித்தெடுப்போமே, அதே வேலைதான். 1983இல் இந்த உத்தரங்களைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1986இல் அதன்மேல் 150 நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு பாலிமர்ப் படலத்தைப் பூசி, சைலீன் ஆவியை அந்தப் படலம் உறிஞ்சும்போது எடை கூடி அதிர்வெண் குறைவதை, அதே சில்லில் இருந்த என்மாஸ் வகை டிரான்சிஸ்டர் சுற்றைக் கொண்டே படித்துக் காட்டினார்கள். 1989இல் தாங், நுயென், ஹௌ மூவரும் எழுதிய கட்டுரையில், இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்து வைத்தது போன்ற இயக்கி வந்தது. இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததுமே தட்டு சட்டென்று போய் ஒட்டிக்கொள்ளும். சீப்பில் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பக்கவாட்டில் நுழைவதால் எவ்வளவு நகர்ந்தாலும் விசை ஏறத்தாழ மாறுவதில்லை. சுழற்சியை அளக்கும் இன்றைய ஜைரோஸ்கோப்புகளில் பொருண்மையை ஆட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தச் சீப்புதான்.

அந்தப் பாதையிலிருந்துதான் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎக்ஸ்எல்50 வந்தது. காரின் காற்றுப்பைக்கான, 50 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 50 மடங்கு) வரை அளக்கும் முடுக்கமானி; 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது; உணரியும் சுற்றும் ஒரே சில்லில். ஆக, "தோற்றுவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். இப்படிச் சில்லின் மேல் அடுக்கைப் படியவைத்துச் செய்யும் மேற்பரப்பு நுண்ணியந்திரங்களில், சந்தையில் வெற்றி பெற்ற முதலாவதே ஒற்றைச் சில்லுதான். அது ஏன் எல்லோருக்கும் வழியாகவில்லை என்பது வேறு கதை. அதை உலைக்கு அருகில் நின்றவர்கள் சொல்லட்டும்.

அளவி:

வரலாற்றை ஐயா சொல்லிவிட்டார்கள். "ஒரே சில்லு" என்ற பிடிவாதத்துக்கு அடியில் இருக்கும் கணக்கை நான் போட்டுக்காட்டுகிறேன். கருத்தரங்கில் கரும்பலகையிலேயே போடலாம்.

ஒரு முடுக்கமானியின் இயல்பு அதிர்வெண் 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜி முடுக்கத்துக்கு உள்ளே இருக்கும் பொருண்மை எவ்வளவு நகரும் என்பதைக் காண, 9.8ஐக் கோண அதிர்வெண்ணின் இருமடியால் வகுத்தால் போதும். பொருண்மை எவ்வளவு என்பதுகூட வேண்டியதில்லை. விடை ஏறத்தாழ 0.6 நானோமீட்டர். சிலிக்கான் படிகத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு இடையிலான தொலைவு 0.235 நானோமீட்டர். அதாவது, நீங்கள் உணரியைத் தலைகீழாகத் திருப்பினால் உள்ளே இருப்பது சில அணு அகலம்தான் நகர்கிறது.

இப்போது மின்தேக்கியைப் பாருங்கள். அக்காலத்து ஏடிஎக்ஸ்எல் வகைச் சில்லுகளில் ஒரு பக்கத்து மின்தேக்குத்திறன் 0.1 பிகோஃபாரட், விரல்களுக்கு இடையிலான இடைவெளி 1.3 மைக்ரான். பொருண்மை 1 நானோமீட்டர் நகர்ந்தால் ஒரு பக்கம் 77 அட்டோஃபாரட் (பிகோஃபாரடின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஓர் அட்டோஃபாரட்) கூடும், மறுபக்கம் அவ்வளவே குறையும். இந்த இரண்டு மின்தேக்கிகளின் வெளி முனைகளுக்கும் எதிரெதிர்க் குறியில் 1 வோல்ட் கொடுத்து, இரண்டும் சேரும் நடுக்கணுவில் வரும் மாற்றத்தைப் படிக்கிறோம். நடுக்கணுவிலிருந்து தரைக்கு இருக்கும் ஒட்டுண்ணி மின்தேக்குத்திறன்தான், அதாவது நாம் வேண்டாமலே கம்பியும் திண்டும் சேர்க்கும் மின்தேக்குத்திறன்தான், இங்கே வில்லன். பெருக்கி அதே சில்லில் சில பத்து மைக்ரான் தூரத்தில் இருந்து, அந்த ஒட்டுண்ணி 0.1 பிகோஃபாரட் என்றால், கிடைப்பது சுமார் 0.5 மில்லிவோல்ட். பெருக்கி அடுத்த சில்லில் இருந்து, இரு பக்கத்து இணைப்புத் திண்டுகளும் கம்பியும் பாதுகாப்பு டையோடுகளும் சேர்ந்து 2 பிகோஃபாரட் ஆகிவிட்டால், அதே நகர்வுக்குக் கிடைப்பது 0.07 மில்லிவோல்ட். உழக்கு நீரைச் செம்பில் ஊற்றினால் மட்டம் தெரியும். அண்டாவில் ஊற்றினால் அடி நனைவதோடு சரி.

சமிக்ஞை ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. 1980களில் 2 மைக்ரான் தடிமனுள்ள பாலிசிலிக்கானை மட்டும் கையில் வைத்திருந்த ஒருவருக்கு, ஒரே சில்லைத் தவிர வேறு வழி தெரிந்திருக்காது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

சுற்றுப்பித்தன்:

அளவி நண்பரே, கணக்கு சரி. ஆனால் ஒரு திருத்தம். யாரும் இன்று நடுக்கணுவை அப்படியே மிதக்கவிட்டுப் படிப்பதில்லை. மின்னூட்டப் பெருக்கியை வைத்து அந்தக் கணுவை மெய்நிகர் தரையாக, அதாவது மின்னழுத்தம் மாறாமல், பிடித்துவிடுவோம். அப்போது வெளியீடு, மின்தேக்குத்திறன் மாற்றத்தைப் பின்னூட்ட மின்தேக்கியால் வகுத்தால் வருவதுதான். ஒட்டுண்ணி அந்தச் சூத்திரத்தில் இடம்பெறுவதே இல்லை.

"அப்படியானால் ஒட்டுண்ணியால் கேடில்லையா" என்று மாணவர்கள் உடனே கேட்பார்கள். கேடு உண்டு, அது இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. பெருக்கியின் சொந்த இரைச்சல் வெளியீட்டுக்குப் போகும்போது பெருகுவது, உணரியும் ஒட்டுண்ணியும் சேர்ந்த மொத்த மின்தேக்குத்திறனைப் பொறுத்தது. எனவே சமிக்ஞை குறையாவிட்டாலும் இரைச்சல் கூடும். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் அதே ஏழு மடங்கு அடிபடும்.

ஆனால் சுற்று வடிவமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டார். ஒட்டுண்ணி பெரிதாக இருக்கிறது என்றால் உள்ளீட்டு டிரான்சிஸ்டரையும் அதற்குத் தக்கபடி பெரிதாக்கி, கூடுதல் மின்னோட்டம் கொடுத்து அதன் இரைச்சலைக் குறைப்பார். அப்படிச் செய்தால் இழப்பு ஏழு மடங்கிலிருந்து அதன் வர்க்கமூலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 2.7 மடங்குக்கு இறங்கிவிடும். விலையாக மின்திறனைக் கொடுக்கிறோம். ஆகவே "ஒரே சில்லு இல்லாவிட்டால் முடியாது" என்பது மிகை. "ஒரே சில்லு இல்லாவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும்" என்பதே சரி.

பெர்க்லியில் ஹௌவுடன் சேர்ந்து எழுதிய பெர்ன்ஹார்ட் போசர் இந்தப் பக்கத்தில்தான் அதிகம் உழைத்தார். 1999இல் லெம்கினும் அவரும் வெளியிட்ட மூவச்சு முடுக்கமானிக் கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள்.

எம்டெக்_மாணவி:

மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. ஒரே சில்லில் செய்வதில் அவ்வளவு ஆதாயம் இருந்தது என்றால், அதைச் செய்வதில் என்ன அவ்வளவு சிக்கல்? இரண்டுமே சிலிக்கான்தானே?

உலைக்காரன்:

இரண்டும் சிலிக்கான்தான் சகோதரி. ஆனால் இரண்டுக்கும் வேண்டிய சூடு வேறு.

பாலிசிலிக்கானை சைலேன் வாயுவிலிருந்து படியவைக்க ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வேண்டும். படிந்த படலத்துக்குள் தகைவு (உள்ளே தங்கிய இழுவிசை அல்லது அழுத்தம்) இருக்கும். அதைப் போக்காமல் கீழே உள்ள ஆக்சைடைக் கரைத்தால், விடுபட்ட உத்தரம் வெயிலில் காய்ந்த அப்பளம் போல வளைந்துகொள்ளும். அதைப் போக்க 1,000 பாகைக்கு அருகில் சுட வேண்டும். சிமாஸ் (இன்று பரவலாக உள்ள டிரான்சிஸ்டர் சுற்று வகை) சுற்று முடிந்து அலுமினியக் கம்பிகள் போட்ட வேஃபருக்கோ (பல சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டுக்கோ) சுமார் 450 பாகைதான் வரம்பு. சுற்றை முதலில் செய்தால் உத்தரத்தைச் சுட முடியாது. உத்தரத்தை முதலில் செய்தால், மேடும் பள்ளமுமான அந்த வேஃபரை எந்த சிமாஸ் கூடமும் தன் இயந்திரங்களுக்குள் விடாது. இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டுதான் இருபது ஆண்டுகள் ஓடின.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியாக நுழைந்து பார்த்தார்கள். அனலாக் டிவைசஸ் தன் சொந்தக் கூடத்தில் இரண்டின் படிகளையும் மாற்றி மாற்றிப் பின்னியது. கூடம் சொந்தமாக இருந்தால்தான் அது நடக்கும். சாண்டியா ஆய்வகத்தினர் 1990களின் நடுவில், வேஃபரில் முதலில் பள்ளம் தோண்டி, அதற்குள் இயந்திரத்தைக் கட்டிச் சுட்டு, ஆக்சைடால் நிரப்பி மேலே சமப்படுத்திவிட்டு, பிறகு ஒன்றும் நடவாதது போல சிமாஸுக்கு அனுப்பினார்கள். கார்னகி மெலனில் கேரி ஃபெடர், அவரும் ஹௌவின் மாணவர்தான், தனியாக ஓர் இயந்திர அடுக்கே வேண்டாம், சிமாஸில் ஏற்கெனவே இருக்கும் உலோக அடுக்குகளையே வெட்டி உத்தரமாக்கலாம் என்றார். பெர்க்லியில் அலுமினியத்துக்குப் பதில் டங்ஸ்டனைப் போட்டார்கள். டங்ஸ்டன் உருகுவதற்கு 3,400 பாகைக்கு மேல் வேண்டும் என்றாலும் அது சிலிக்கானைத் தொடும் இடத்தில் 600 பாகையிலேயே வினைபுரியத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க இடையில் டைட்டேனியம் நைட்ரைடு. சுற்று வேலை செய்தது. ஆனால் டங்ஸ்டன் கம்பி போட்ட சிமாஸை யார் உற்பத்தி செய்து தருவார்?

அதன்பிறகுதான் ஹௌ, பேராசிரியர் ட்ஸு-ஜே கிங்குடன் சேர்ந்து சிலிக்கான்-ஜெர்மானியத்துக்கு வந்தார். என் பார்வையில் அவருடைய வேலைகளிலேயே நுட்பமானது இதுதான். ஜெர்மானியம் கலந்தால் படியும் சூடு 450 பாகைக்குள் இறங்கிவிடுகிறது, அலுமினியம் பிழைத்துக்கொள்கிறது. அதைவிட அழகு, கீழே இருக்கும் தற்காலிக அடுக்கையும் தூய ஜெர்மானியமாக வைத்துவிட்டால் அதைக் கரைக்க ஹைட்ரஜன் பெராக்சைடே போதும். சுற்றின்மேல் இருக்கும் ஆக்சைடையும் சேர்த்துத் தின்னும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு அங்கே வேலையில்லை.

அமிலம் என்றதும் சொந்த அனுபவம் ஒன்று. நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில், மூன்று மாதம் செய்த வேஃபரை அமிலத்திலிருந்து எடுத்து, நீரில் அலசி, அவசரத்தில் சூடான தட்டில் வைத்துக் காயவிட்டேன். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு உத்தரத்தின் நடுவிலும் நீரில் எண்ணெய் படர்ந்தது போல வண்ணப் பட்டைகள். ஓரங்களில் வண்ணம் மாறிமாறி வந்து, நடுவில் ஒரே சீராக நின்றுவிட்டது. சீராக நிற்கும் இடமெல்லாம் உத்தரம் தரையில் ஒட்டிக்கொண்ட இடம் என்று பொருள். காயும் கடைசித் துளி நீரின் பரப்பு இழுவிசை அதைக் கீழே இழுத்துவிடுகிறது. ஒட்டியபின் ஊசியால் தள்ளினாலும் உடையுமே தவிர எழாது. எங்கள் கூடத்தில் இதை "ஸ்டிக்ஷன்" என்றுதான் சொல்வோம், பல்லைக் கடித்துக்கொண்டு. அழுத்தத்தில் வைத்த கார்பன் டை ஆக்சைடைத் திரவ நிலையிலிருந்து, திரவத்துக்கும் வாயுவுக்கும் வேறுபாடு மறையும் மாறுநிலைக்கு மேலே கொண்டுபோய், நீர்ம மேற்பரப்பே உருவாகாமல் உலர்த்தும் முறையை 1993இல் வெளியிட்டதும் ஹௌவின் குழுதான். அந்தக் கருவி எங்களிடம் வந்தது, நான் மூன்று வேஃபர்களைப் பாழாக்கிய பின்னால்.

கணக்கர்:

நான் உற்பத்திப் பக்கம் இருப்பவன். மேலே சொன்ன எல்லா வழிகளையும் ஓரங்கட்டியது இன்னொரு சில்லுச் சேர்க்கை முறை அன்று. ஒரு வெட்டும் முறை. 1990களில் போஷ் நிறுவனத்தின் லேர்மரும் ஷில்ப்பும் கண்டறிந்த ஆழ்அரிப்பில், அரிக்கும் வாயுவையும் சுவரைப் பூசிக் காக்கும் வாயுவையும் மாற்றி மாற்றிச் செலுத்திச் சிலிக்கானை நேர்செங்குத்தாக வெட்டலாம். 2 மைக்ரான் உத்தரம் 20 மைக்ரான் ஆயிற்று. பக்கவாட்டில் நகரும் உணரியில் தடிமன் பத்து மடங்கானால் பொருண்மையும் பத்து மடங்கு, விறைப்பும் பத்து மடங்கு. ஆகவே அதிர்வெண் மாறாது, 1 ஜிக்கான நகர்வும் மாறாது. ஆனால் மின்தேக்குத்திறன் 0.1 பிகோஃபாரடிலிருந்து 1 பிகோஃபாரட் ஆகிவிடுகிறது. அளவி போட்ட அதே கணக்கில், 2 பிகோஃபாரட் ஒட்டுண்ணியோடு 1 நானோமீட்டருக்கு 0.38 மில்லிவோல்ட் வரும். ஒரே சில்லில் கிடைத்த 0.5க்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

அதன்பின் காசுக் கணக்குதான் பேசும். சுற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு தேறுகிறது, உணரியில் எண்பது தேறுகிறது என்று எடுத்துக்கொண்டால், ஒரே சில்லில் எழுபத்திரண்டுதான் தேறும். உணரி கெட்டால் நல்ல சுற்றும் சேர்ந்து குப்பைக்குப் போகும். தனித்தனியாக என்றால் இரண்டையும் சோதித்து நல்லதோடு நல்லதைச் சேர்க்கலாம். தவிர, சிமாஸ் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிய தலைமுறைக்கு மாறும், உத்தரம் மாறாது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டினால் வேகமாக ஓடும் மாடும் மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

வெற்றிட_அறை:

கணக்கர் ஐயா முடுக்கமானியைப் பற்றிச் சொன்னது சரி. அதை எல்லாவற்றுக்கும் நீட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஜைரோஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அனலாக் டிவைசஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஒற்றைச் சில்லு ஜைரோஸ்கோப், 12 ஸெப்டோஃபாரட் (அட்டோஃபாரடின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு ஸெப்டோஃபாரட்) மாற்றத்தைப் பிரித்தறிகிறது. அதற்குரிய நகர்வு 16 ஃபெம்டோமீட்டர். நானோமீட்டரின் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு! அணுவின் அகலத்தை விடுங்கள், அணுக்கருவின் அளவுக்கு வந்துவிட்டோம். கோடிக்கணக்கான அணுக்களைக் கொண்ட பரப்பு முழுவதன் சராசரி நகர்வு என்பதால்தான் இது சாத்தியமாகிறது. அங்கே ஒட்டுண்ணியை 2 பிகோஃபாரடுக்கு விடுவது என்பது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

அடுத்து, ஹௌவின் மாணவரான கிளார்க் நுயென். அவருடைய முனைவர் பட்ட ஆய்வில் அதிரும் உத்தரத்தையும் அதைத் தொடர்ந்து அதிரச் செய்யும் பெருக்கியையும் அந்த டங்ஸ்டன் சிமாஸில் ஒன்றாகவே செய்தார்கள். அது 1999இல் ஆய்விதழில் வந்தபோது, சுருக்கத்திலேயே ஒளிவுமறைவின்றி எழுதினார்கள்: ஒத்ததிர்வியின் (அதாவது அந்த அதிரும் உத்தரத்தின்) தரக்காரணி, அதாவது ஆற்றலை இழக்காமல் அதிரும் தன்மையின் அளவு, மிக உயர்ந்ததுதான், ஆனால் அது தாங்கும் மின்திறன் மிகக் குறைவு என்பதால் அந்த உயர்வின் பயன் கிடைக்கவில்லை. தன் ஆய்வின் குறையைச் சுருக்கத்திலேயே சொன்னவர்கள் எத்தனை பேர்? அந்தக் குறையைத் தீர்ப்பதே அடுத்த பத்தாண்டுக்கு அவர் வேலையாயிற்று. உத்தரத்தை விட்டு விறைப்பான வட்டுக்கு மாறினார். பிறகு ஒரு வட்டு போதாது என்று ஒன்பது வட்டுகளை விளிம்பில் இணைத்து ஒரே தாளத்தில் அதிரச் செய்து, ஒவ்வொன்றும் தாங்கும் மின்திறனைக் கூட்டிக்கொண்டார். 2004இல் நானோ வைரத்தாலான ஒரு வட்டை 1.51 கிகாஹெர்ட்ஸில் அதிரவைத்து, வெற்றிடத்தில் 11,555 தரக்காரணி காட்டினார்கள். சாதாரணக் காற்றிலும் அது பத்தாயிரத்துக்கு மேல் நின்றது.

ஹௌவின் சிலிக்கான்-ஜெர்மானியமும் ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. அவர் இணைந்து தொடங்கிய சிலிக்கான் கிளாக்ஸ் நிறுவனத்தை 2010இல் சிலிக்கான் லேப்ஸ் வாங்கியது. சிமாஸின் மேலேயே சிலிக்கான்-ஜெர்மானிய ஒத்ததிர்வியைப் படியவைத்த அலையியற்றிகளை (சீரான அதிர்வெண்ணில் மின்னலை தரும் சில்லுகளை) 2013இல் அந்நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பழைய_வாத்தியார்:

கணக்கர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். இன்வென்சென்ஸ் நிறுவனம் சிமாஸ் வேஃபரையே உணரி வேஃபருக்கு மூடியாக வைத்து, அலுமினியமும் ஜெர்மானியமும் சேர்ந்து உருகும் 420 பாகைச் சூட்டில் இரண்டையும் ஒட்டியது. ஒட்டும் இடமே மின் இணைப்பும் ஆகிவிடுகிறது. திண்டும் கம்பியும் தேவையில்லை. அது ஒரே சில்லா, இரண்டு சில்லா? செய்யும்போது இரண்டு, கையில் எடுக்கும்போது ஒன்று. ஆகவே "எது வென்றது" என்ற கேள்வியைச் சற்று மாற்றி, "எந்த உணரியில் ஒட்டுண்ணி எவ்வளவு வலிக்கிறது" என்று வைத்துக்கொண்டால் உங்கள் கருத்தரங்கு ஒழுங்காக நடக்கும்.

எம்டெக்_மாணவி:

அப்படியே மாற்றிக்கொள்கிறேன் ஐயா. 2 மைக்ரான், 20 மைக்ரான் ஒப்பீட்டை முதல் படமாக வைக்கப்போகிறேன்: 0.5, 0.07, 0.38 மில்லிவோல்ட் என்று மூன்று பட்டைகள்.

அளவி:

வைப்பதற்கு முன்னால் மூன்றாவது பட்டையைத் திருத்திவிடுங்கள். கணக்கர் தடிமனை மட்டும் கூட்டிவிட்டு இடைவெளியை 1.3 மைக்ரானிலேயே விட்டுவிட்டார். 20 மைக்ரான் ஆழத்துக்கு 1.3 மைக்ரான் அகலத்தில் சுவர் சாயாமல் வெட்டுவது எளிதன்று. இடைவெளியை 2 மைக்ரான் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அப்போது மின்தேக்குத்திறன் 0.65 பிகோஃபாரட், 1 நானோமீட்டருக்கு மாற்றம் 325 அட்டோஃபாரட், கிடைப்பது 0.2 மில்லிவோல்ட். 0.07க்கு அது ஏறத்தாழ மூன்று மடங்கு, ஆனால் 0.5க்குப் பாதிகூட இல்லை. அந்த மீதியை ஈடுகட்டத்தான் சுற்றுப்பித்தன் சொன்ன கூடுதல் மின்னோட்டம்.

கணக்கர்:

ஒப்புக்கொள்கிறேன். 0.2 என்றே போடுங்கள்.